மேனாம்பேட்டிலிருந்து மலைக்கு ஒரு நாள்: கிளம்பும் முன் என்னென்ன தெரியணும்?

மேனாம்பேடு, அம்பத்தூர், ஆவடி பக்கம் காலையில் ஓடுகிறவர்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். '10 கி.மீ. ஒரு மணி நேரத்துல ஓடுறோம், மலையில 10 கி.மீ. என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றுவது சகஜம். ஆனால், மலையில் கணக்கே வேறு.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். நடக்கிற ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியானால் 600 மீட்டர் ஏற்றம் உள்ள 10 கி.மீ. பாதைக்கு 3 மணி நேரம். ஓய்வு, சாப்பாடு இதில் சேராது. குளிரான மலைகளுக்குச் சொன்ன கணக்கு இது. நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓடலாமா?

ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால், இறங்கி ஓடும்போதுதான் தொடைத் தசைக்கும் முட்டிக்கும் அடி அதிகம். சாலையில் ஓடுகிற ஷூ, சரளைக் கல்லில் வழுக்கும். முதல் தடவை என்றால் நடப்பதே நல்லது.

பக்கத்துல எங்கே போகலாம்?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. இணையதளத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். மேனாம்பேட்டுக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது, திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி அருகே உள்ள குடியம் குகை. கற்கால மனிதர்களின் கல் கருவிகள் கிடைத்த இடம் அது.

அனுமதி எதுக்கு?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து சென்ற மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றம் நிறுத்தப்பட்டதும் காட்டுத்தீ பயத்தால்தான்.

தீ வந்தால்?

சூடான காற்று மேலே எழும்பி, மேட்டில் உள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் சரிவில் தீ மேல்நோக்கி வேகமாகப் பாயும். மேலே ஓடித் தப்பிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை அல்லது ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலம் நோக்கி நகர வேண்டும்.

கையில் என்ன இருக்கணும்?

தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், தொப்பி, விசில், டார்ச். காட்டுக்குள் சிக்னல் போய்விடலாம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்க. கூடவே 'இத்தனை மணி ஆனால், உச்சி வரவில்லை என்றாலும் இறங்கிவிடுவோம்' என்று ஒரு நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்க. பாதி வழியில் திரும்பினால் என்ன? அடுத்த வாரமும் மலை அங்கேயேதான் இருக்கும்.