பழைய பைக் வாங்கினால் முதல் மாதம் மூட்டை ஏற்றாதீர்!



மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, அப்படியே இன்று இருசக்கர வாகனமும் ஆகிவிட்டது. 1980ஆம் ஆண்டு ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பிறகு, சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டி மிதித்துச் சென்ற காலம் மெல்ல மாறியது. ராஜபாளையத்தில் சரக்கெடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், சேத்தூர், தளவாய்புரம் என்று லைன் போகிற சிறு வியாபாரிகளில் வண்டி இல்லாதவர் குறைவு. ஆனால் எல்லோரும் புது வண்டி வாங்க முடிவதில்லை. அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டால் சுழலும் என்று எண்ணிப் பழைய வண்டி வாங்குகிறோம். இதில் தவறில்லை. "கொள்முதலில்தான் லாபம்" என்பது நம் தொழிலின் பாலபாடம்.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. வண்டியை மட்டும் இரண்டு தடவை உதைத்துப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறதென்று வாங்கி, மறுநாளே மூட்டை ஏற்றிவிடுகிறோம். அப்படிச் செய்து நாங்கள் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைக்கு ஒரு பழைய ஸ்பிளெண்டர் வாங்கினோம். தெரிந்தவர் மூலம் வந்த வண்டி. என்ஜின் கடிகாரம் போல் ஓடியது. மறுநாள் காலையே 26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டும், ஒரு எண்ணெய் டின்னும் ஏற்றி, கடைத் தம்பியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினோம். வழியில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. தம்பி விழுந்து இடது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, பிரேக்க மிதிச்சேன், வண்டி கேக்கல."

மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் ஷூ இரும்பு வரை தேய்ந்திருந்தது. ஆளை மட்டும் ஏற்றிச் சென்றபோது அந்தத் தேய்மானம் வெளியே தெரியவில்லை. எடை ஏறியதும் தெரிந்துவிட்டது. இன்னொரு காரணமும் இருந்தது. தம்பி அதுவரை ஓட்டியது பல்சர். அதில் முன்காலால் மிதித்தால் கியர் குறையும். இந்த ஸ்பிளெண்டரில் முன்காலால் மிதித்தால் கியர் கூடும். அவசரத்தில் பழக்கப்படி மிதித்திருக்கிறார். கியர் குறைவதற்குப் பதிலாகக் கூடியதால் என்ஜினின் பிடிமானமும் கிடைக்கவில்லை.

இரண்டரை மாதம் அந்தத் தம்பியால் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவும் அவர் சம்பளமும் நாங்கள் கொடுத்தோம், அது எங்கள் கடமை. இன்சூரன்ஸ் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்ததால் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. வாங்கிய அன்றே சில நூறு ரூபாய் செலவழித்து ஷூ மாற்றியிருந்தால் இத்தனையும் இல்லை.

வாங்கியவுடன் செய்ய வேண்டியவை

விற்றவர் "நேற்றுத்தான் ஆயில் மாற்றினேன்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். முதல் வேலை என்ஜின் ஆயில் மாற்றுவது. வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகு பழைய ஆயிலை இறக்க வேண்டும். இறக்கியதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பாக இரும்புத்தூள் தெரிந்தால் உள்ளே தேய்மானம் அதிகம். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டக்கூடாது.

சிலர் கார் ஆயில் மிச்சமிருக்கிறதென்று பைக்கில் ஊற்றுகிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகின்றன. கார் ஆயிலில் வழவழப்புக்காகச் சேர்க்கும் மருந்து அந்தத் தட்டுகளை வழுக்கச் செய்யும். மேட்டில் மூட்டையோடு போகும்போது என்ஜின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். சந்தைத் தெருவில் மாவுத் தூசு, மிளகாய்த் தூசு, மண் தூசு எல்லாம் சேர்ந்து அதை அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் முழுவதும் எரியாது. பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் குறையும். ஃபில்டரும் பிளக்கும் விலை அதிகமில்லாதவை. இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டால் கணக்கை அன்றிலிருந்து தொடங்கலாம்.

பெட்ரோல் டியூபையும் பாருங்கள். இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் பலவற்றின் ரப்பர் பாகங்கள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. டியூப் இறுகியோ, வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் டேங்கைக் கழுவி, கார்புரேட்டரையும் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

பிரேக், செயின், டயர்

டிரம் பிரேக்கில் ஷூ எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட, சக்கரத்தின் அருகே பிரேக் கையில் ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை அழுத்தும்போது அந்த அம்பு எல்லைக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்துவிட்டது என்று பொருள். பழைய வண்டியில் இதை மட்டும் நம்பாமல், இரண்டு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையான 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் நம் கையிலும் காலிலும்தான் இருக்க வேண்டும்.

செயின் கீழ்ப்பக்கத்தில் நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். மிகவும் இறுக்கினால் எடை ஏறும்போது செயினும் பேரிங்கும் கெடும். மிகவும் தளர்ந்தால் பல்சக்கரத்திலிருந்து நழுவும். இறக்கிய கழிவு ஆயிலையே செயினுக்கு ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதிலுள்ள இரும்புத்தூள் செயினை அரைத்துவிடும். 90ஆம் நம்பர் ஆயிலை அளவாக விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் இறுகி, மழையில் வழுக்கும். காற்றளவும் எடைக்கேற்ப மாறும். ஸ்பிளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிக்கு ஒருவர் மட்டும் சென்றால் முன்னால் 25, பின்னால் 28. பின்னால் இன்னொருவர் ஏறினாலே பின் டயருக்கு 40 வரை வைக்க வேண்டும். மூட்டைக்கும் அதே கணக்குத்தான். 28-லேயே மூட்டை ஏற்றினால் டயர் பிதுங்கி, வளைவில் வண்டி ஆடும்.

எக்ஸ்.எல். வாங்குவோர் கவனத்திற்கு

நம்மில் பலர் விரும்புவது எக்ஸ்.எல். வண்டி. பழைய எக்ஸ்.எல். சூப்பர் டூ ஸ்டிரோக். அதற்குப் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் டூ-டி ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்டிரோக். அதற்கு ஆயில் கலக்கக் கூடாது. என்ஜினில் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடைப் பையன்கள் மாற்றிச் செய்துவிடுகிறார்கள். டேங்க் மூடியருகே பெயிண்டில் எழுதிவைத்தால் குழப்பம் வராது.

கைக்கும் காலுக்கும் பழக வேண்டும்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது, ரிசர்வில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதெல்லாம் ஓட்டித்தான் தெரிய வேண்டும். பழைய புல்லட் ஆனால் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அதை எடுத்த உடனே கடைவீதிக்குள் நுழைவது ஆபத்து.

எங்கள் கடையில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் வாரம் சும்மா வண்டி, ஊருக்குள் மட்டும். இரண்டாம் வாரம் விடியற்காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்புவது. ஒரு வழி சுமார் 12 கிலோமீட்டர்தான், வண்டியின் குறைகள் தெரிய அது போதும். திரும்பியதும் ஆயில் கசிவு, நட்டு தளர்வு, சக்கர டிரம்மில் அதிகச் சூடு ஆகியவற்றைப் பார்ப்போம். மூன்றாம் வாரம் பாதி எடை. நான்காம் வாரம்தான் முழு எடை. கொல்லம் சாலையில் குற்றால சீசனிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரும்போதும், ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்திலும் புதிதாகப் பழகுவதைத் தவிர்க்கவும்.

மூட்டையை இருக்கைக்குப் பின்னால் தொங்கும்படி கட்டினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் கேட்காது, விளக்கும் வானத்தைப் பார்க்கும். எடை தாழ்வாகவும், முன்தள்ளியும் இருக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்?

வண்டியைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பவர்கள் நம்மில் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாங்கியவர் 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் 35ஆம் படிவமும் கடன் தீர்ந்த சான்றும் வேண்டும். பதிவாகி 15 ஆண்டு முடிந்திருந்தால் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும்.

விற்கிறவர்களும் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி நான்கு கை மாறிப் போயிருந்தாலும் நோட்டீஸ் முதல் கைக்குத்தான் வரும்.

ஓட்டுகிறவர் லைசென்சும் முக்கியம். கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்சை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டக் கூடாது. 18 வயது நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து "கடைக்கு இதைக் கொண்டுபோய்க் கொடு" என்று அனுப்பினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

வண்டிக்கும் ஒரு பேரேடு

பழைய வண்டியின் மீட்டரை நம்ப முடியாது. கால்மிதி ரப்பர், ஹேண்டில் பிடி இவற்றின் தேய்மானமே உண்மையைச் சொல்லும். ஆகவே வாங்கிய நாளிலிருந்து நம் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு சிறு நோட்டுப் போட்டு, டேங்க் நிரப்பிய தேதி, மீட்டர் எண், ஆயில் மாற்றிய நாள், செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். மைலேஜ் திடீரென்று குறைந்தால் எங்கோ கோளாறு என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

தினமும் காலையில்: பிரேக், விளக்கு, ஹாரன்.
வாரம் ஒரு நாள்: காற்று, செயின், ஆயில் அளவு.
மாதம் ஒரு நாள்: ஃபில்டர் சுத்தம், பிரேக் அம்புக்குறி, நட்டு போல்ட்டுகள்.
ஆயில் மாற்றம்: கையேட்டில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். மூட்டையோடு நின்று நின்று ஓட்டும் நாம் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

கை முறிந்த அந்தத் தம்பி குணமாகி இன்றும் எங்கள் கடையில்தான் இருக்கிறார். காலையில் வண்டி எடுக்கும் முன் குனிந்து பின்சக்கரத்தின் அம்புக்குறியைப் பார்த்த பிறகே மூட்டையைத் தூக்கிவைக்கிறார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் விற்றவருக்குக் கொடுத்த தொகையோடு, முதல் மாதச் செலவையும் கொள்முதல் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தும் லாபமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.