தலை திரும்பாத சிசு

ஏழாம் மாதத்திற் சிசுவின் பிட்டம் கீழே இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலான சிசுக்கள் தாமாகவே தலைகீழாகத் திரும்பிவிடும். நிறைமாதத்திலோ 100க்கு 3 அல்லது 4 சிசுக்கள் திரும்பாமலே இருந்துவிடுகின்றன.

இதில் ஆபத்து யாது? சிசுவின் உடலிற் பெரியதும் கடினமானதுமான பகுதி தலை. இறுதியாக வரும் அது தடைப்பட்டால், தொப்புட்கொடி நசுங்கிப் பிராணவாயு குறையும்.

வழிகள் மூன்று. முதலாவது, 36 அல்லது 37ஆம் வாரமளவில் வைத்தியர் தாயின் வயிற்றின்மேற் கைவைத்துச் சிசுவைத் திருப்புதல். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது கைகூடும். சிசுவின் இதயத்துடிப்பைக் கவனித்து வைத்தியசாலையிற் செய்யவேண்டிய கருமம் இது. வீட்டில் வயிறு தடவிப் பார்ப்பதன்று.

இரண்டாவது, சத்திரசிகிச்சை. 26 நாடுகளில் நடைபெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பிறக்கும் வேளையிற் சிசுவுக்கு இதுவே பாதுகாப்பானது எனக் காட்டியது. ஆயினும், கருப்பையில் எஞ்சும் வடு அடுத்த கர்ப்பத்துக்கு இடர் தரக்கூடும்.

மூன்றாவது, இயல்பான பிரசவம். சிசுவின் நிறையும் கிடையும் தக்கனவாயிருந்து, இத்தகைய பிரசவத்திற் கைதேர்ந்தவர் அருகிருந்து, சத்திரசிகிச்சைக்கூடமும் ஆயத்தமாயிருந்தால் இதுவும் ஏற்புடையதே.

எவ்வழியாயினும், வலி கண்டபின் தீர்மானிப்பது அவசரமுடிவாகும். சிசுவின் தலை எங்கே உள்ளது என்பதை 36ஆம் வாரத்திலேயே தாய் கேட்டறிதல் நன்று.