மணலில் ஓடும் ஜீப்பும் டீசல் கணக்கும்

சென்னைக்கு வடக்கே பொன்னேரியைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காடு வந்து சேரும். ஏரி என்று பெயர் வழங்கினாலும் அது நன்னீர் ஏரியன்று. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. நம் நாட்டு உப்பங்கழிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த இடம் இதற்கு உண்டு. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டுமே நம்முடையது. அத்தென்கோடியில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வரப்புப்போல் நீண்டிருக்கும் மணல் நிலத்தில் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. முன்பெல்லாம் தோணி ஏறியே அக்கரை சேர வேண்டும். பாலம் வந்த பின்னர் வண்டிகளும் போகின்றன. ஆனால் பாலமும் முடிந்து, தாரும் முடிந்து, வலை உலர்த்தும் மணல் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் தொடங்குகிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். கரையில் வந்து இறங்கும் இறாலையும் நண்டையும் பனிக்கட்டியிட்டுப் பெட்டிகளில் அடுக்கிப் பொன்னேரிக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். பழைய ஜீப் ஒன்று வாங்க எண்ணியிருந்தார். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. இரண்டும் மகிந்திரா நிறுவனத்தின் வண்டிகள். இரண்டும் நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லக்கூடியவை. இரண்டும் டீசலில் ஓடுபவை. ஒன்று எம்.எம். 540, மற்றொன்று எம்.எம். 550 டி.ஐ.

“விலையும் ஏறக்குறைய ஒன்றுதான் ஐயா. எது நன்றாக இழுக்கும், எது டீசலை மிச்சப்படுத்தும் என்று மட்டும் சொல்லுங்கள். கடன் பட்டு வாங்குகிறேன். கணக்குத் தப்பினால் படகை விற்கும்படி ஆகிவிடும்” என்றார்.

“நான் இயந்திரம் கற்றவன் அல்லன், தம்பி, கணக்கு வாத்தியார்தானே?” என்றேன்.

“அதனால்தான் ஐயா வந்தேன். ஓட்டுநர்களைக் கேட்டால், லிட்டருக்குப் பத்து என்கிறார் ஒருவர், பதினான்கு என்கிறார் இன்னொருவர்” என்றார்.

இருவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் தாரில் ஓட்டியிருப்பார், ஒருவர் மணலில். ஒருவர் தனியே போயிருப்பார், ஒருவர் சுமையோடு. பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஏரியின் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஆதலால் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவது இன்னார் என்று சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் மெலிந்த இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும். இம்முறையை அறிந்தவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டுமானால், அவை ஒரே பாதையில், ஒரே சுமையோடு, ஒரே ஓட்டுநர் கையில் ஓட வேண்டும்.

இனி, அவ்விரு வண்டிகளின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப்பை 1947ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பூட்டி இணைக்கத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். பின்னர் நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடிய சி.ஜே.3பி என்னும் ஜீப்பில் இருந்தது 2199 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய பெட்ரோல் எஞ்சின். உழைப்புக்கு அஞ்சாதது; ஆனால் பெட்ரோலை நிறையக் குடிப்பது. பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சின்கள் அதன் இடத்தைப் பிடித்தன. எம்.எம். 540இல் பியூஜோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 2112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. டி.ஐ. வண்டியிலோ 2523 கன சென்டிமீட்டர் எஞ்சின். இது டிராக்டர் எஞ்சினின் வழிவந்தது என்று அதன் ஓசையைக் கேட்டாலே தெரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் செம்மையாக இயக்கிக் காட்டிய முறை அது. உருளைக்குள் வெறுங்காற்றை மட்டும் இழுத்து, அதனை மிகக் கடுமையாக அழுத்தினால் காற்று பழுக்கச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான் இது. அச்சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பழைய பெட்ரோல் ஜீப்பில் காற்று ஏழில் ஒரு பங்காக அழுத்தப்பட்டது. டீசல் எஞ்சினிலோ இருபதில் ஒரு பங்கை ஒட்டி அழுத்தப்படுகிறது. எவ்வளவுக்கு அழுத்தம் மிகுதியோ அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும் அளவும் கூடும். போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலும் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதிகம்.

நம் இரண்டு டீசல் எஞ்சின்களுக்கும் உள்ள வேற்றுமை, டீசலை எங்கே பீச்சுவது என்பதில் இருக்கிறது. பியூஜோ எஞ்சினில் உருளையின் தலைப்பகுதியில் ஒரு சிறிய அறை உண்டு. டீசல் முதலில் அச்சிற்றறையில் பற்றி எரிந்து, அங்கிருந்து ஓர் இடுக்கு வழியே பாய்ந்து உந்தைத் தள்ளும். தீ படிப்படியாகப் பரவுவதால் அதிர்ச்சி குறைவு, ஓசையும் குறைவு, நிமிடத்துக்கு 4500 சுற்று வரை விரைந்து சுழன்று 62 குதிரைத்திறன் தரும். ஆனால் அச்சிற்றறையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடும். இடுக்கில் நுழைந்து வருவதற்கும் சிறிது ஆற்றல் செலவாகும். அடுத்ததான டி.ஐ. எஞ்சினில் அவ்வறை இல்லை; உந்தின் தலையில் குடைந்த கிண்ணத்திலேயே டீசல் நேராகப் பீச்சப்படும். வெப்ப இழப்புக் குறைவு. ஆனால் ‘தடதட’வென்ற ஓசை மிகுதி, சுழலும் வேகமும் குறைவு. பொதுவாகச் சிற்றறை எஞ்சின்கள், நேராகப் பீச்சும் எஞ்சின்களைவிட நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை கூடுதலாக டீசல் கேட்கும்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்து வண்டி வாங்குவோர் பலர். அது பெரும்பாலும் தவறு என்பது என் எண்ணம். எஞ்சின் எவ்வளவு வலிமையாகத் தண்டைத் திருகுகிறது என்பதற்கு முறுக்குவிசை என்று பெயர். அவ்விசையும் அது எத்தனை வேகமாகச் சுழல்கிறது என்பதும் சேர்ந்ததே குதிரைத்திறன். மணலில் நமக்கு விரைவு வேண்டாம். மெல்லச் சுழலும்போதே வலுவாகத் திருகும் எஞ்சின் வேண்டும். அவ்வகையில் பெரிய கொள்ளளவும் நிதானமும் உள்ள டி.ஐ. எஞ்சினுக்கே கை ஓங்கும்.

எஞ்சினின் திருகலைப் பன்மடங்காக்குவது பற்சக்கரங்களின் வேலை. பழைய சி.ஜே.3பியையே உதாரணமாகக் கொள்வோம். அதன் முதல் கியரின் விகிதம் 2.8, நான்கு சக்கர ஓட்டத்துக்கென அமைந்த பற்சக்கரப் பெட்டியின் தாழ்நிலை விகிதம் 2.46, அச்சின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். அதாவது எஞ்சின் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். உராய்வைக் கழித்தால், திருகுவிசையும் அவ்வளவு மடங்கு பெருகும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுழலும்போது வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கூடவே நடந்து வரும் மனிதர் அதனை முந்திவிடலாம்!

மணல் எவ்வளவு தடுக்கிறது என்பதையும் ஒரு கணக்கால் அறியலாம். சுமையோடு சேர்த்து வண்டியின் எடை 1500 கிலோ என்போம். நல்ல தார்ச் சாலையில் சக்கரம் உருளுவதற்கு உண்டாகும் தடை, எடையில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அதாவது 22 கிலோ எடைக்குச் சமமான விசை. இளகிய மணலிலோ அது ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஆகும். அதாவது 300 கிலோ. தாரில் இதனோடு காற்றின் தடையும் சேர்வதால் டீசல் செலவு அதே மடங்கில் பெருகுவதில்லை. எனினும் மூன்று நான்கு மடங்காவது பெருகும்.

என் மாணவருக்கு நான் எழுதிக் காட்டிய கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. பொன்னேரிக்குப் போய்வரத் தாரில் 36 கிலோமீட்டர். மணலில் 6 கிலோமீட்டர். தாரில் லிட்டருக்கு 12, மணலில் 3 என்று வைத்துக்கொள்வோம். இவ்வண்டியின் சராசரி என்ன என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் 12ஐயும் 3ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து ஏழரை என்பார்கள். (கல்லூரி மாணவர்களும் இதில் அகப்பட்டுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.) அது பிழை. தாருக்கு 3 லிட்டர்; மணலுக்கு 2 லிட்டர்; ஆக 42 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். சராசரி 8.4. தூரத்தில் ஏழில் ஒரு பங்கே மணல்; ஆனால் டீசலில் ஐந்தில் இரண்டு பங்கை அது தின்றுவிடுகிறது! சிற்றறை எஞ்சின் எட்டில் ஒரு பங்கு கூடக் குடித்தால், இதே பயணத்துக்கு 5.6 லிட்டருக்குச் சற்று மேலாகும். ஒரு நடைக்கு அரை லிட்டருக்கு மேல் வேற்றுமை. அன்றாடம் ஓடும் வண்டிக்கு இது சிறு தொகையன்று.

பிறகு இரண்டு வண்டிகளையும் ஒரு நாள் இரவல் பெற்றுச் சோதித்தோம். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, ஓட்டிவிட்டு, மீண்டும் கழுத்துவரை நிரப்பினால் ஊற்றிய அளவே செலவான அளவு. பனிக்கட்டிப் பெட்டிகளும் அவையே. ஓட்டியவரும் அவர் ஒருவரே. தாரில் பியூஜோ வண்டி இலகுவாக விரைந்தது. பேசினால் காது கேட்டது. டி.ஐ. வண்டியில் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஆனால் டீசல் குறைவாகவே கேட்டது.

மணலில் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் புதைந்தன! நான்கு சக்கரங்களும் சுழன்றன. தாழ்நிலைக் கியரும் போட்டாயிற்று. சக்கரம் குழி பறித்ததே தவிர வண்டி நகரவில்லை. வேடிக்கை பார்த்து நின்ற முதிய மீனவர் ஒருவர், “காத்தை எறக்குப்பா” என்றார். டயர்களில் முப்பது பவுண்டுக்கு மேல் காற்று இருந்தது. அதனைப் பதினாறு பவுண்டு அளவுக்கு இறக்கினோம். டயர் தளர்ந்து, மணலோடு நீளவாக்கில் படிந்தது. அதே எடை அதிகப் பரப்பில் பரவியதால் சக்கரம் மணலை வெட்டாமல் மிதித்து மேலேறியது. முதலில் ஒரு வண்டியும் பின்னர் மற்றதும் எவரும் தள்ளாமலே வெளியேறின. மணலில் லிட்டருக்கு 3 என்பது இதனால் 4 ஆனால் ஒரு நடைக்கு அரை லிட்டர் மிச்சம். எஞ்சினை மாற்றிக் கிடைக்கும் மிச்சத்துக்கு ஏறக்குறைய ஈடானது.

தார்ச் சாலையை அடைந்ததும் இரண்டு செயல்களைத் தவறாது செய்ய வேண்டும். காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். நான்கு சக்கர ஓட்டத்தை விடுவித்து, பின் சக்கரங்கள் மட்டும் உந்தும்படி செய்ய வேண்டும். வளைவில் திரும்புகையில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. இவ்வகை ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் இறுக இணைந்திருப்பதால், மணலில் சறுக்கித் தீர்ந்துபோகும் அவ்வேற்றுமை, தாரில் தீர வழியின்றி டயரையும் பற்சக்கரத்தையும் முறுக்கித் தேய்க்கும்; டீசலும் வீணாகும். உப்புக் காற்றும் கழிநீரும் அடிச்சட்டத்தை அரிப்பது வேறு கதை. நன்னீரால் கழுவாமல் விட்டால் எஞ்சினுக்கு முன்பே சட்டம் போய்விடும்.

இரண்டு வண்டிகளிலும் எலெக்ட்ரானிக் கருவி எதுவும் இல்லை. டீசலைப் பீச்சும் பம்பு முற்றிலும் பற்சக்கரத்தாலும் சுருள்வில்லாலும் இயங்குவது. இன்றைய டீசல் வண்டிகள் புகை குறைந்தவை, வலிமை மிகுந்தவை. பழையவை அவற்றுக்கு ஈடாகா. ஆயினும் கையிருப்புக்கு எட்டியதையே வாங்க முடியும்.

என் மாணவர் டி.ஐ. வண்டியையே வாங்கினார். காது கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று சொல்லிச் சிரித்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தியபோது, பின்னால் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு அருகில் புதிதாக ஒரு காற்றடிக்கும் பம்பும், டயரின் காற்றை அளக்கும் கருவியும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன.