வேகத்தைப் பிடிக்க வர்றீங்களா?

முதல்ல ஒரு கணக்கு. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்துல பறக்கிற ரேஸ் பைக், உங்க கேமரா ‘க்ளிக்’ ஆகிற நேரத்துக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்கும்?

கால்குலேட்டரை எடுக்காதீங்க, நானே சொல்லிடறேன். அந்த பைக் விநாடிக்கு 50 மீட்டர் போகும். ஷட்டர் விநாடியில் 1000-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தா, பைக் நகர்றது 5 சென்டிமீட்டர். 50-ல் ஒரு பங்கு திறந்திருந்தா, முழுசா ஒரு மீட்டர்! இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மோட்டார் ஸ்போர்ட்ஸ் போட்டோகிராஃபர்களோட பொழப்பே ஓடுது.

‘இதெல்லாம் ஃபாரின் வேலையாச்சே’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லயே ஆரம்பிச்சாச்சு. சோழவரத்துல உலகப்போர் கால விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்ததை உங்க தாத்தாவே பார்த்திருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல வந்தது. கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல. 2024-ல சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில, நடு ரோட்டுலயே ஃபார்முலா 4 கார்கள் சீறிச்சு. இத்தனை ரேஸையும் யாரோ ஒருத்தர் படம் எடுத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க? அந்த ‘யாரோ ஒருத்தர்’ ஆகணும்னுதான் எனக்கு ஆசை!

நான் சிதம்பரத்துல மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வீடு கடலூர்ல. அப்பா கடலூர் - சிதம்பரம் ரூட்ல பஸ் ஓட்டறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. “நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சிட்டு, கல்யாண வீட்ல கேமரா தூக்கப் போறியா?”

பதில் தெரியாம முழிச்சேன். அதைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

மொக்கை வாங்கிய முதல் நாள்

டிக்கெட் வாங்கிக்கிட்டு, செல்போனோட இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பினேன். மொத்தம் 200 படம். பாதியில காலி ரோடு மட்டும்தான். வண்டி வந்த பிறகு பட்டனை அமுக்கினா, வண்டியா நிக்கும்? மீதிப் படங்கள்ல பைக் இருந்தது. ஆனா, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தின மாதிரி இருந்தது!

ஊருக்கு வந்து எங்க தெரு ஸ்டூடியோ அண்ணன்கிட்ட காட்டினேன். சிரிச்சார். “சக்கரத்தோட கம்பியெல்லாம் எண்ற மாதிரி தெரியுதே தம்பி, அப்புறம் எங்கேருந்து வேகம் தெரியும்?”னு சொல்லி, பழைய கேமரா ஒண்ணைக் கையில கொடுத்தார்.

அங்கதான் அறிமுகமாச்சு ‘பேனிங்’. வண்டி உங்களுக்கு நேரா வரப்போற இடத்தைப் பார்த்து ரெண்டு காலையும் ஊன்றி நில்லுங்க. இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்துல வரும்போதே வண்டியை வியூஃபைண்டர்ல பிடிச்சிடுங்க. அது வர்ற வேகத்துக்கே கேமராவும் திரும்பணும். நேரா வந்ததும் அமுக்குங்க. அமுக்கின பிறகும் கை நிக்கக் கூடாது. பந்தை அடிச்ச பிறகும் பேட் முழுசா சுத்தி வருமே, அப்படி. வண்டி பளிச்சுனு இருக்கும், பின்னாடி இருக்கிற உலகம் கோடு கோடா இழுபடும், சக்கரம் சுத்தும்.

ஷட்டரை 250-ல் ஒரு பங்குல ஆரம்பிச்சு, கை பழகப் பழக 125, 60-னு இறக்கணும். இறக்க இறக்க வேகம் கூடித் தெரியும், சொதப்பலும் கூடும். நூத்துல பத்து தேறினாலே எனக்கெல்லாம் தீபாவளி.

சொதப்பினா சோர்ந்துடாதீங்க. பிரான்ஸ்ல ழாக் ஹென்றி லார்த்திக்னு ஒரு பையன், இருபது வயசு ஆகறதுக்கு முன்னாடியே, 1910-களின் தொடக்கத்துல ஒரு ரேஸ் காரை இதே மாதிரி கேமராவைத் திருப்பி எடுத்தார். அந்தக் கால ஷட்டர்ல ஒரு சின்ன இடுக்கு நகர்ந்து நகர்ந்துதான் படம் பதியும். அதனால கார் சக்கரம் முட்டை மாதிரி முன்னால சாய, வேடிக்கை பார்த்தவங்க பின்னால சாய... படம் கோணல்! தப்பாப் போச்சுனு ஒதுக்கிட்டார். 1963-ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவரோட படங்களைக் காட்சிக்கு வெச்ச பிறகு, உலகமே கொண்டாடின படங்கள்ல அதுவும் ஒண்ணு.

நம்ம ஊரே பயிற்சிக்கூடம்

ரேஸ் டிராக் நமக்குத் தூரம்தான். ஆனா, அண்ணாமலை நகர்ல சைக்கிளுக்குப் பஞ்சமா? நான் முதல்ல பழகினது அதுலதான். அப்புறம் நாட்டியாஞ்சலி. 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்துல நடக்கிற விழா. ஆடறவங்க துள்ளும்போது உச்சியில ஒரு கணம் மேலேயும் போகாம கீழேயும் வராம இருப்பாங்க. நம்ம முதல் வருஷ பிசிக்ஸ்தான். அங்கே அமுக்கணும். ஆனா கண்ணால பார்த்துட்டு அமுக்கினா லேட். ஜதியைக் கேட்டு, அடுத்தது என்னனு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். ரேஸ்லயும் இதே கதைதான். எந்த வளைவுல பிரேக் பிடிப்பாங்க, எங்கே முந்தப் பார்ப்பாங்கனு தெரிஞ்சவருக்குத்தான் படம்.

ஆனித் திருமஞ்சனத் தேர் இன்னொரு பாடம் நடத்திச்சு. தேர் மெதுவாத்தான் வரும். அதைவிட, வடம் பிடிக்கிற கையும், முட்டுக்கட்டை போடறவர் முகமும்தான் படம். ஜெர்மனியின் ரெய்னர் ஷ்லேகல்மில்ச், 1962-ல போட்டோகிராஃபி மாணவரா நூர்பர்க்ரிங் ரேஸுக்குப் போய் முதல்ல எடுத்தது டிரைவர்களோட முகங்களைத்தான். பிறகு பல பத்து வருஷம் ஃபார்முலா ஒன்னே அவர் உலகம்!

காசு வருமா பாஸ்?

நேர்மையாச் சொல்லணும்னா, ரேஸ் மட்டும் சோறு போடாது. வருஷத்துல சில வார இறுதிகள்தான் ரேஸ். டீம், ஸ்பான்சர், டயர் கம்பெனி, பைக் கம்பெனி, பத்திரிகை... இவங்கதான் காசு கொடுக்கறவங்க. ஸ்பான்சர் பெயர் தெளிவாப் படிக்கிற மாதிரி இருக்கணும். ரேஸ் முடிஞ்ச சில மணி நேரத்துல படம் போய்ச் சேரணும். எந்த நம்பர் வண்டி, ஓட்டினது யார்னு குறிப்பும் கூடவே போகணும். மீதி நாள்ல கல்யாணம், கம்பெனி விழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ். அப்பா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் ‘ஆமா’தான்!

இதுல நான் வாங்கின அடி: ஒரு விழாவுக்கு மூணு நாள் படம் எடுத்தேன். “பேமென்ட் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி”ன்னாங்க. அந்த ‘அப்புறம்’ இன்னும் வரலை. யாரையும் குறை சொல்லலை. ஒரு வரி எழுதி வாங்காதது என் தப்பு. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் அவர்தான். சம்பளத்துக்கு நீங்க வேலை பார்க்கிற இடத்துக்காக எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். அதனால தொகை, தேதி, யார் எங்கே பயன்படுத்தலாம்... மூணையும் முன்னாடியே எழுதிக்கோங்க.

டிராக்ல நிக்கிறதுக்கு முன்னாடி...

* அனுமதி அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். பத்திரிகை அல்லது டீம் கடிதம் இருந்தா நல்லது.

* மார்ஷல் சொல்றதுதான் சட்டம். ‘நகரு’ன்னா நகரணும். மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து. சிவப்புன்னா ரேஸ் நிறுத்தம்.

* ஓடற டிராக்குக்கு முதுகைக் காட்டாதீங்க. எடுத்த படத்தை ரசிக்கிறது அப்புறம்.

* ஹைவே ஓரத்துல நின்னு பழகாதீங்க. கேம்பஸ் ரோடு போதும்.

* சொந்த கேமரா அப்புறம். முதல்ல கடன் கேமரா, வாடகை லென்ஸ்.

போன மாசம் ஒரு சாயங்காலம், கடலூர்ல ஒரு மொட்டை மாடியில காத்திருந்தேன். அப்பா பஸ் வந்தது. 40-ஐத் தாண்டியிருக்காது. ஷட்டர் 30-ல் ஒரு பங்கு. பதினோராவது நாள், பதினோராவது முயற்சி. பஸ் மட்டும் பளிச்சுனு நிக்க, கடைத்தெரு மொத்தமும் கோடா ஓடிச்சு. ஜன்னல்ல அப்பா முகம்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். “ஏன்டா, நான் இவ்வளவு வேகமாவா ஓட்டறேன்?”

இப்போ அந்தப் படம் டிரைவர் சீட்டுக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. ‘சரி’னு இன்னும் வாயால சொல்லலை. ஆனா, அடுத்த ரேஸ் எந்த தேதின்னு நேத்து அவரா கேட்டார்!