பூட்டுக் குறி எதைப் பூட்டுகிறது?

தலைமன்னார் தொடங்கி முசலி வரை, அரச அலுவலகப் படியேறுமுன் கைத்தொலைபேசியையோ சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையையோ நாடவேண்டிய காலம் வந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூ.ஆர். குறியீடு இல்லாதவருக்குப் பெற்றோல் இல்லை என்றானதும், அதுவரை இணையத்தின் பக்கமே போகாதவர்களும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் பதியக் கற்றுக்கொண்டனர். கடவுச்சீட்டு விண்ணப்பம், பரீட்சை முடிவு, வங்கிக் கணக்கு ஆகியனவும் அதே வழியில் வந்துள்ளன. இலக்கத்தைக் கொடுக்கப் பழகிய அளவுக்கு, அதை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க நாம் பழகவில்லை.

"மேலே பூட்டுப் படம் இருந்தது, அதனால்தான் நம்பினேன்" என்று ஏமாந்தவர்கள் சொல்வதுண்டு. குரோம் போன்ற உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் தெரிந்த அந்தப் பூட்டு எதைக் குறிக்கிறது? அஞ்சலட்டையில் எழுதினால் வழியில் எவரும் வாசிக்கலாம். உறையிலிட்டு ஒட்டினால் வாசிக்க முடியாது. பூட்டு சொல்வது இவ்வளவே: நீங்கள் எழுதியது ஒட்டிய உறையில் போகிறது. உறையைப் பெறுபவர் நேர்மையானவரா என்பதைப் பூட்டு சொல்லாது. திருடனின் முகவரிக்கு அனுப்பிய உறை, வழியில் எவரும் பிரிக்காமல், பத்திரமாகத் திருடனிடமே போய்ச்சேரும்!

1990களின் நடுப்பகுதியில் நெற்ஸ்கேப் போன்ற உலாவிகளில் சாவி, பூட்டுக் குறிகள் தோன்றிய காலத்தில், அதற்கான சான்றிதழைப் பெறப் பணம் செலவாயிற்று. 2015 இன் இறுதியிலிருந்து அதை இலவசமாகவே பெறலாம். நல்ல மாற்றம்தான், ஆனால் போலிப் பக்கம் அமைப்பவருக்கும் அதே பூட்டுக் கிடைக்கிறது. மக்கள் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று கண்டே, கூகிள் நிறுவனம் 2023 செப்டெம்பரில் குரோம் உலாவியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

ஆகவே பார்க்கவேண்டியது முகவரியையே. கொழும்பில் கடிதம் பிரிப்பவர் முதலில் உங்கள் பெயரையா பார்க்கிறார்? கடைசி வரியிலுள்ள 'மன்னார்' என்பதையே பார்க்கிறார். இணைய முகவரியையும் அப்படியே பின்னாலிருந்து வாசிக்கவேண்டும். முதலாவது தனிச் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முன்னுள்ள சொற்களைப் பின்னோக்கிப் படியுங்கள். எரிபொருள் அட்டையின் பக்கம் 'பியூல்பாஸ் புள்ளி ஜிஓவி புள்ளி எல்கே' என முடிந்தது. 'ஜிஓவி புள்ளி எல்கே' என்ற முடிவு இலங்கை அரச நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் வேறேதோ பெயரும் 'கொம்' என்பதும் ஒட்டியிருந்தால், அது அரசின் பக்கமன்று. முன்னால் எத்தனை அரச பெயர்கள் இருந்தாலும் சரியே. கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் முகவரி முழுவதும் தெரியாதிருக்கலாம். அதன்மேல் தொட்டு இறுதிவரை தள்ளிப் பார்க்கவேண்டும்.

எல்லா அரச பக்கங்களும் அப்படி முடிவதில்லை என்பது ஒரு தொல்லை. பரீட்சைத் திணைக்களத்தின் பக்கமொன்று 'டிஓஇநெற்ஸ் புள்ளி எல்கே' என்றே முடிகிறது. 'எல்கே' என்று மட்டும் முடியும் பெயரை அரசு சாராதவர்களும் பதிவுசெய்யலாம். 2010 முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கும் இடமுண்டு. எமது அலுவலகங்கள் அதை அதிகம் பயன்படுத்தாதது வருத்தத்துக்குரியது. தமிழில் மட்டும் வாசிப்பவர் ஆங்கில எழுத்துகளில் போலியைப் பிரித்தறிவது எப்படி? ஐயம் வந்தால் அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். தமிழிலும் பதில் கிடைக்கும்.

கொமினிகேஷன் கடையில் விண்ணப்பிப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பல கடைக்காரர்கள் அன்புடன் உதவுகிறார்கள். மின்னஞ்சல் இல்லாத முதியவருக்குத் தமது மின்னஞ்சலையே போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார்கள். பிறகு பதிலும், இரகசிய இலக்கமும், பிழைதிருத்தக் கேட்கும் கடிதமும் அவருக்கே போகும். கடை பூட்டினால், அவர் வெளிநாடு போனால், உங்கள் விண்ணப்பம் என்னாகும்? மகனுடையதோ மருமகளுடையதோ, வீட்டிலுள்ள ஒருவரின் இலக்கத்தைக் கொடுங்கள். பதிவிலக்கத்தைக் கொப்பியில் எழுதிவாருங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, வெளியேறிய பின்னரே எழும்புங்கள். தடம் பதியாத தனிச்சாளரத்தில் வேலை செய்தாலும், இறக்கிய கோப்புகள் கணனியிலேயே தங்கும். வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிய அடையாள அட்டைப் படமும் அப்படியே. அழித்துவிடும்படி நேரில் கேட்பதில் வெட்கமில்லை.

1990 இலும் 2008 இலும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, ஆவணம் தொலைவதன் துன்பத்தை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரதி பிறர் கையில் தங்குவதோ புதிய தொல்லை. கடவுச்சொல்லை மாற்றலாம், அடையாள அட்டை இலக்கம் ஆயுளுக்கும் ஒன்றே. பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதை வைத்தே ஒருவர் உங்களைத் தெரிந்தவர்போல் தொலைபேசியில் பேசலாம்.

வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறை இலக்கம் உங்கள் கையொப்பத்துக்குச் சமம். அதைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் கொடுக்கவேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள வங்கி இலக்கத்துக்கு உடனே பேசி, அட்டையை முதலில் நிறுத்துங்கள். பொலிசுக்கு அதன்பின் போகலாம்.