ஒரே எண், மூன்று பொருள்: சாளரங்களின் செய்தி மொழி

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? 1801இல் தொடங்கப்பட்ட பள்ளிவாசலின் பாங்கொலியும், பக்கத்துக் குயின் தெருவில் உள்ள மகா மாரியம்மன் கோயிலின் மணியோசையும் எல்லார் காதிலும் விழும். தமக்கான அழைப்பு எது என்பது அவரவர்க்குத் தெரியும். உங்கள் கணினித் திரையில் திறந்திருக்கும் சாளரங்களுக்கும் இந்தத் திறமை வேண்டும்.

விண்டோஸ் இயங்குதளம் சாளரங்களோடு பேசுவது எண்களால். ஒவ்வோர் எண்ணும் ஒரு செய்தி. விசையை அழுத்தினால் 256, சுட்டியின் இடப் பொத்தானை அழுத்தினால் 513. செய்தியோடு இரண்டு மதிப்புகளும் சேர்ந்து வரும். நீங்கள் 'க' என்று தட்டினால், ‘எழுத்து வந்துள்ளது’ என்னும் 258ஆம் செய்தியோடு அதன் யுனிகோடு எண்ணான 2965 போய்ச் சேரும்.

0 முதல் 1023 வரையிலான எண்கள் இயங்குதளத்துக்கு உரியவை. நிரலர்கள் தாமே உருவாக்கும் செய்திகளுக்கு மூன்று பகுதிகள் உண்டு:

• 1024 – 32767: ஒரு சாளர வகைக்குள் மட்டும்
• 32768 – 49151: ஒரு செயலிக்குள் மட்டும்
• 49152 – 65535: செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ள

முதல் பகுதியில்தான் சிக்கல். 12ஆம் எண் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கும் அல்லவா? அதுபோல 1025 என்ற எண், முன்னேற்றப் பட்டையிடம் போனால் ‘உன் எல்லையை அமை’ என்று பொருள். உரையாடல் பெட்டியிடம் போனால் ‘எண்டர் விசைக்கு உரிய பொத்தானை மாற்று’ என்று பொருள். உதவிக் குறிப்புப் பெட்டிக்கோ ‘செயல்படு’ அல்லது ‘நிறுத்து’. ஆகவே, இந்த எண்ணை எல்லாச் சாளரங்களுக்கும் அனுப்பினால் குழப்பமே மிஞ்சும்.

மூன்றாம் பகுதி இதைத் தீர்க்கிறது. இங்கே நிரலர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பெயரைப் பதிவு செய்கிறார். அதே பெயரைப் பதிவு செய்யும் எல்லாச் செயலிகளுக்கும் விண்டோஸ் ஒரே எண்ணைத் தரும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது அந்த எண் மாறலாம். அதனால் எண்ணை நிரலில் நிரந்தரமாக எழுதக்கூடாது. செயலி தொடங்கும்போது கேட்டு வாங்கி, வரும் செய்தியோடு ஒப்பிட வேண்டும். தனக்குத் தெரியாத செய்தியை இயங்குதளத்தின் வழக்கமான கையாளுதலுக்கே விட்டுவிட வேண்டும்.

வந்த செய்தியை அப்படியே நம்பவும் கூடாது. அனுப்பியது யார் என்று செய்தியில் எழுதியிருக்காது. கூட வரும் மதிப்புகளைச் சரிபார்த்த பிறகே செயல்பட வேண்டும்.

இதை நீங்களே பார்க்கலாம். வேலைகளைச் சேமித்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ என்பதை மறுதொடக்கம் செய்யுங்கள். பணிப்பட்டை மறைந்து திரும்பும். அப்போது ‘டாஸ்க்பார் கிரியேட்டட்’ என்ற பெயரில் பதிவான செய்தி எல்லாச் செயலிகளுக்கும் போகும். அதைக் கவனிக்கும் செயலி தன் சின்னத்தைக் கடிகாரத்தின் அருகே மீண்டும் வைக்கும். கவனிக்காததன் சின்னம் காணாமல் போகும்; செயலி மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் கணினியில் எந்தெந்தச் சின்னங்கள் திரும்பி வந்தன?