எழுத்தா, எழுத்தின் படமா?

சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் ஒரு பத்து நிமிடம் கண்களை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். "பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர்!" என்று ஒரு குரல் கேட்கும். "கோபி, ஈரோடு!" என்று மற்றொரு குரல். நீங்கள் ஏற வேண்டிய வண்டி எது என்பது பலகையைப் படிக்காமலேயே தெரிந்துவிடும். பலகையில் எழுதியிருப்பதைத்தான் நடத்துநர் வாயால் சொல்கிறார். செய்தி ஒன்றே, கண்ணுக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி. நடத்துநர் வாய் திறவாமல் இருந்துவிட்டால், பார்வையற்ற ஒருவர் தம் வண்டி வந்து போனதைக்கூட அறிய மாட்டார்.

மாணவ நண்பர்களே! இன்று தேர்வு முடிவு, உதவித்தொகை விண்ணப்பம், ரயில் முன்பதிவு எல்லாம் இணையதளங்களுக்குப் போய்விட்டன. அங்கே பலகையைப் படித்துச் சொல்லும் நடத்துநர் யார்? திரைவாசிப்பான் என்ற மென்பொருள்தான். கணிப்பொறியின் அல்லது கைப்பேசியின் திரையில் உள்ளதை அது உரக்கப் படிக்கும். முன்பு இதன் விலை மிக அதிகம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் 2006-ஆம் ஆண்டில் இத்தகைய மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர். பின்னர் அவருடன் சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. என்.வி.டி.ஏ. எனப்படும் அந்த மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். திரைவாசிப்பானுக்குக் கண் கிடையாது. திரையில் தெரியும் வடிவத்தை அது பார்ப்பதில்லை. அதற்கு அடியில் கணிப்பொறி வைத்திருக்கும் எண்களையே படிக்கிறது. தமிழுக்கு வந்த தொல்லை இங்கேதான் தொடங்கியது.

'அம்மா'வுக்கு என்ன எண்?

கணிப்பொறி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது என்பதை அறிவீர்கள். யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் 'அ'வின் எண் 2949, 'ம'வின் எண் 2990, மெய்யெழுத்தின் புள்ளிக்கு 3021, துணைக்காலுக்கு 3006. ஆகவே 'அம்மா' என்பது 2949, 2990, 3021, 2990, 3006. எந்த நாட்டுக் கணிப்பொறியானாலும் இதே எண்கள்தாம்.

இம்முறை 1991-இல் வெளிவந்தபோதே அதில் தமிழும் இடம்பெற்றது. இருப்பினும், அது பரவுவதற்கு முன் நம்மவர்கள் வேறொரு குறுக்குவழியைக் கையாண்டார்கள். ஆங்கில எழுத்துகளின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, வடிவத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். 'பாமினி' என்ற புகழ்பெற்ற எழுத்துருவில் 'எம்' என்ற ஆங்கில எழுத்துக்கு 'அ' வடிவம். 'கே' எழுத்துக்கு 'ம' வடிவம். அதில் 'அம்மா' என்று அச்சடித்தால் கண்ணுக்கு அம்மாதான். கணிப்பொறிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! திரைவாசிப்பான் அதை ஆங்கிலம் என்றெண்ணி ஏதோ உளறும். அம்மா எங்கே போனாள் என்று கேட்பவர் தவிப்பார்.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் கூடியது. அதே மாதத்தில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் இன்னும் கண்ணில் படுகின்றன.

இவற்றையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிற துறை மாணவர்களுக்கான விருப்பப் பாடமாக இயற்பியல் நடத்தி வந்தேன். வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், கையால் எழுதிய குறிப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் அவள் வந்து, "சார், நீங்க அனுப்புனது 'படம், படம்'னு மட்டும்தானுங்க சொல்லுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். பதினான்கு பக்கங்கள். அவளுக்குக் கிடைத்தவை பதினான்கு 'படம்'கள்! அதற்கு முந்தைய குறிப்புகளையும் அப்படித்தான் அனுப்பியிருந்தேன். தோழி ஒருத்தி பேருந்தில் படித்துக் காட்டினாளாம். அந்த வாரம் தோழிக்கு உடல்நலமில்லை. அதனால்தான் என் காதுக்கே விஷயம் வந்தது.

படத்தில் உள்ள எழுத்தைக் கண்டறியும் மென்பொருள்கள் இன்று உண்டு. அச்செழுத்தை நன்றாகவே படிக்கின்றன. கையெழுத்தில், அதுவும் என் கையெழுத்தில், திணறிவிட்டன. இரண்டு இரவு உட்கார்ந்து யூனிகோடில் தட்டச்சு செய்தேன். வீட்டு மின்சுற்றின் படத்தை என்ன செய்வது? இணையப் பக்கத்தில் ஒரு படத்தை இடும்போது, கண்ணுக்குத் தெரியாத வகையில் அதற்கு ஒரு சொல்விளக்கம் சேர்க்க முடியும். திரைவாசிப்பான் அதைப் படிக்கும். 'மின்சுற்றுப் படம்' என்று எழுதினால் பயனில்லை. 'மூன்று விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி உண்டு. ஒன்றை அணைத்தாலும் மற்றவை எரியும்' என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது: ஐந்தாம் பக்கத்தில் 'பக்கா இணைப்பு' என்று இருக்கிறதாம், சரிதானா என்று கேட்டிருந்தாள்.

மஞ்சள் எழுத்தின் கணக்கு

பார்வை மங்கியவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெள்ளைத் திரையில் ஈரோட்டு மஞ்சளின் நிறத்தில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். படிக்க முடியுமா? இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. நம் கண் மூன்றையும் சமமாக மதிப்பதில்லை. வெண்மையின் ஒளிர்வை 1 என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு 0.72, சிவப்பின் பங்கு 0.21, நீலத்தின் பங்கு 0.07. எழுத்தின் ஒளிர்வோடும் பின்னணியின் ஒளிர்வோடும் 0.05-ஐக் கூட்டுங்கள் (அறை வெளிச்சம் திரையில் பட்டுச் சிதறுகிறதல்லவா, அதற்காக). பெரியதைச் சிறியதால் வகுங்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் 1.05 / 0.05 = 21. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது; எனவே 0.93. விகிதம் 1.05 / 0.98, அதாவது ஏறத்தாழ 1.07தான்!

இணையத்துக்கான அணுகல் வழிகாட்டு நெறிகள் முதன்முதலாக 1999-இல் வெளிவந்தன. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்றது. பளிச்சென்ற சிவப்பு தேறுமா, நீலம் தேறுமா? நீங்களே போட்டுப் பாருங்கள். விடை சிலருக்கு வியப்பளிக்கும்.

காது கேளாதவர்களுக்குக் காணொளியின் கீழே எழுத்து வேண்டும். சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு விசைப்பலகை ஒன்றாலேயே எல்லாம் நடக்க வேண்டும். அந்நெறிகளில் இவையும் உண்டு.

நம் நாட்டில் இது சட்டமும் ஆகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை வற்புறுத்துகிறது. வங்கிக் கணக்கு தொடங்க, படக்கருவியின் முன் கண்ணை இமைத்துக் காட்டச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அமில வீச்சில் கண்கள் சிதைந்த ஒரு பெண்ணால் எப்படி இமைக்க முடியும்? அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தனியே வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. இணையவழிச் சேவைகளைப் பெறுவது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம்.

உங்கள் பள்ளிக்கு இணையதளம் இருக்கிறதா? அதிலுள்ள ஒரு தமிழ் வரியை நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டால் அது பழைய எழுத்துரு. நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது எழுத்தின் படமாக இருக்கலாம். பிறகு, கைப்பேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குச் சென்று, திரை வாசிக்கும் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதே தளத்தில் விடுமுறை அறிவிப்பைத் தேடுங்கள். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். இயக்கும் முன்பே, நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தெரிந்துகொள்ளாமல் இயக்கிவிட்டு, அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.